வில்ஃப்ரீட்டின் சைக்கிள் டிவியில் வந்த நாள்

என் அக்கா கோடலீவின் கணவர் வில்ஃப்ரீட் காலென்ஸ், நாற்பது வயது வரை பீட்கிழங்கு பறிக்கும் இயந்திரங்களுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு, சேற்றிலும் மேட்டிலும் சுற்றிச் சுற்றி ஓட்டும் கிராஸ் பந்தயத்துக்குக் கிளம்பிவிடுவார். பெரிய வீரர் ஒன்றும் இல்லை. வாரம் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள் தங்களுக்குள் ஓட்டிக்கொள்ளும் பந்தயம் அது. சேறு வழிய வீட்டுக்கு வந்து கொல்லைக் குழாயடியில் கால் கழுவும்போது அக்கா ஜன்னல் வழியாகக் கேட்பாள்.

"இன்னிக்கு உனக்குப் பின்னால எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு. ஒருத்தனுக்குச் செயின் அறுந்துபோச்சு. இன்னொருத்தருக்கு அறுபது வயசு."

எங்கள் பக்கத்து மண் களிமண். நவம்பர் பிறந்துவிட்டால் சக்கரத்தோடு சுருட்டிக்கொண்டு வந்து, சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே உள்ள இடுக்கில் அப்பிவிடும். சக்கரம் சுற்றாது, இறங்கித் தூக்கிக்கொண்டுதான் ஓட வேண்டும். கடையில் விற்கும் ஃபிரேம்களில் அந்த இடுக்கு போதவில்லை என்று வில்ஃப்ரீட்டுக்குத் தீராத குறை. ஒரு குளிர்காலத்தில் இடுக்கை அகலமாக வைத்துத் தனக்கென்று ஒன்றை வெல்டு வைத்தார். அதைப் பார்த்து இன்னொருவர் கேட்டார், அவரைப் பார்த்து அவர் மைத்துனர் கேட்டார். சில வருடங்களில் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையையே பட்டறை ஆக்கிக்கொண்டார். சைக்கிளுக்கு 'கீவிட்' என்று பெயர் வைத்தது அக்காதான். எங்கள் ஈர வயல்களில் கத்திக்கொண்டு திரியும் ஆள்காட்டிக் குருவிக்கு எங்கள் மொழியில் அதுதான் பெயர். "இந்த ஆளும் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் அது மாதிரிதானே கத்தறாரு" என்றாள்.

கடை நன்றாகத்தான் நடந்தது. எங்கள் சுற்றுவட்டாரத்து ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களில் பாதிப்பேர் கீவிட்டில் வந்தார்கள். அதில் அவருக்குத் திருப்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம் டிவி. குளிர்காலம் முழுக்க எங்கள் ஊர் நெஸ்டரின் பாரில் ஞாயிறு மதியம் பெரிய பந்தயங்களைத்தான் பார்ப்போம். சம்பளத்துக்கு ஓட்டும் வீரர்கள், பீர் கோப்பையோடு வேலி ஓரம் நிற்கும் ஆயிரக்கணக்கான ஜனங்கள், ஹெலிகாப்டரிலிருந்து எடுக்கும் படம். அதில் தெரியும் சைக்கிள்களில் எப்போதும் அதே நாலைந்து கம்பெனிப் பெயர்தான்.

"வில்ஃப்ரீட், ஒரு மணி நேரமா உத்து உத்துப் பாக்கறேன்யா" என்பான் நெஸ்டர், கோப்பையைத் துடைத்துக்கொண்டே. "உன் குருவி ஒண்ணுகூட கண்ணுல படலையே. குளிருக்குத் தெற்கே பறந்துருச்சா?"

எல்லாரும் சிரிப்பார்கள். வில்ஃப்ரீட்டும் சிரிப்பார். ஆனால் காரில் வரும்போது பேசமாட்டார். ஒருமுறை மட்டும் என்னிடம் கேட்டார், "ஃபிர்மின், நான் செய்யற வண்டியில என்னதான்டா குறை?" ஒரு குறையும் இல்லை என்றேன். அது உண்மை. அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் வீர்லே போடர்பெர்க் மேலே வந்துகொண்டிருந்தாள். நான் பால் லாரி ஓட்டுபவன். அவள் அப்பாவின் மாட்டுப் பண்ணை என் வழியில் இருந்தது. சின்ன வயதில் யாரோ ஓட்டிக் கழித்த கீவிட்டில் ஆரம்பித்தவள், இருபத்திரண்டு வயதில் நாட்டில் முதல் ஐந்தாறு பெண்களுக்குள் வந்திருந்தாள். ஒல்லி, ஆனால் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஓடும்போது ஆண்பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். பந்தய நாட்களில் வில்ஃப்ரீட்டும் நானும்தான் அவளுடைய ஆட்கள். பிட் என்று ஒரு இடம் உண்டு, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை அதைக் கடந்து போவார்கள். அங்கே சேறு அப்பிய சைக்கிளைக் கொடுத்துவிட்டுச் சுத்தமானதை வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். கொடுத்ததை நான் கழுவுவேன், வில்ஃப்ரீட் எண்ணெய் போட்டுச் சரிபார்த்துக் கையில் தயாராகப் பிடித்திருப்பார்.

பெண்கள் பந்தயத்தையும் டிவியில் முழுதாகக் காட்டத் தொடங்கிய வருடங்கள் அவை. ஒரு மார்ச் மாதம், ஒரு பெரிய அணியின் மேலாளர் ஹெர்மான் ஸ்டால்ஸ் வீர்லேவின் வீட்டுக்கு வந்தார். இரண்டு வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம். அங்கே பேசிவிட்டு, மரியாதைக்காக வில்ஃப்ரீட்டின் பட்டறைக்கும் வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

சுவரில் மாட்டியிருந்த ஃபிரேம் ஒன்றை இறக்கி, வெல்டு போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார்.

"அப்ப அவ இதையே ஓட்டட்டுமே" என்றார் வில்ஃப்ரீட்.

ஹெர்மான் ஃபிரேமைப் பத்திரமாகத் திரும்ப மாட்டினார். "இது வண்டி பத்தின விஷயமே இல்லீங்க. என்கிட்ட ஆறு பேர் ஓட்டறாங்க. ஆளுக்கு நாலு வண்டி. சக்கரம் மட்டும் லாரி நிறைய. அந்த லாரி, மெக்கானிக்குச் சம்பளம், ஸ்பெயின்ல பயிற்சி, இந்தப் பொண்ணுக்குக் குடுக்கப்போற சம்பளம், எல்லாத்துலயும் பெரிய பங்கு சைக்கிள் கம்பெனி குடுக்குது. ஏன் குடுக்குது? ஸ்கூல் பிள்ளைங்க வண்டியிலேருந்து வயசானவங்க ஓட்டற கரண்ட் சைக்கிள் வரைக்கும் அவன் பாதி உலகத்துல விக்கறான். எங்க ஆளுங்க சேத்துல விழுந்து எழுந்து ஓடறது அவனுக்கு விளம்பரம். நீங்க வருஷத்துக்கு எத்தனை செய்வீங்க?"

"நூறு வரும்."

"நூறு பேருக்கு எதுக்கு விளம்பரம்? எல்லாம் உங்க வீட்டுக்கே வந்து வாங்கற ஆளுங்கதானே."

"அப்ப நல்ல வண்டி டிவில வராதுங்கறீங்க."

"நல்லதும் வரும், சுமாரானதும் வரும். கூலி குடுக்கற வண்டிதான் வரும். எங்கள மாதிரி அணி இந்த நாட்டுல நாலஞ்சுதான். அதனாலதான் நீங்க டிவில நாலஞ்சு கம்பெனிப் பேரை மட்டும் பாக்கறீங்க. உலகத்துல நல்ல சைக்கிள் செய்யறவன் எவ்வளவோ பேரு. இந்தச் சேத்துக்குள்ள வர அவனுக்கு வழி கிடையாது, பாதிப்பேருக்கு வர ஆசையும் கிடையாது."

அவர் கர்வமாகப் பேசவில்லை. கை கொடுத்துவிட்டுப் போனார். வில்ஃப்ரீட் வெகுநேரம் ஒரே குழாயை அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை வீர்லே வந்தாள். அக்கா காபி போட்டு, பால்கட்டி வைத்த பணியாரம் எடுத்து வைத்தாள். வீர்லே அதைத் தொடவில்லை.

"மாமா, நான் என்ன பண்ணட்டும்?"

அக்கா முந்திக்கொண்டாள். "இதுல யோசிக்க என்ன இருக்கு பொண்ணே? கையெழுத்துப் போடு."

"அவங்க வண்டியத்தான் ஓட்டணுமாம். போன வாரம் ஓட்டிப் பாத்தேன். லேசாத்தான் இருக்கு. ஆனா கீவிட் மாதிரி எனக்கு ஒட்டல."

வில்ஃப்ரீட் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அந்த ஸ்பூன் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. போ என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். அவள் கேட்க வந்ததே அந்த ஒரு சொல்லைத்தான்.

"உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "இந்த வருஷம் உனக்கு மூணு வண்டி கட்டித் தரேன். மூணும் புதுசு. எந்த அணிக்காரிகிட்டயும் அப்படி வண்டி இருக்காது" என்றார்.

வீர்லேவின் முகம் மலர்ந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அந்த வீட்டில் வில்ஃப்ரீட் சொன்ன பிறகு நான் சொல்ல என்ன இருக்கிறது?

அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஒரு வருடம் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மார்ச்சில் பேசலாம் என்று ஹெர்மானுக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் கோபப்படவில்லை, அந்த இடத்துக்கு வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கோடை முழுக்க வில்ஃப்ரீட் ஒரு பையனைப் போலத் திரிந்தார். ஃபிரேம் மூன்றையும் கட்டி முடித்து, வெளிர் பச்சை அடித்து, பெயரை வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். அக்கா பார்த்துவிட்டு, "இது சைக்கிளா, இறைச்சிக் கடை போர்டா?" என்று கேட்டாள். "தூரத்துலேருந்து தெரியணும்ல" என்றார். எதில் தெரிய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாவது சைக்கிளுக்கு கியர் சாமான் வரவில்லை. கியர் செய்யும் கம்பெனிக்காரர்கள் பெரிய அணிகளுக்கு அனுப்பிவிட்டு, பெரிய கம்பெனிகளுக்கு அனுப்பிவிட்டு, மீதி இருந்தால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு. அக்டோபரில் வரும் என்றார்கள், பிறகு டிசம்பர் என்றார்கள். ஃபிரேம் பட்டறைச் சுவரிலேயே தொங்கியது. "ரெண்டு போதும்" என்றாள் வீர்லே. போன வருடமும் இரண்டுதானே.

இரண்டை வைத்துக்கொண்டே அவள் அந்த நவம்பரில் ஒரு பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள். ஆனால் டிவியில் அவள் சைக்கிள் தெரியவில்லை. முதலில் போகிறவளோடுதான் கேமரா போகும். மூன்றாவதாக வருகிறவள் கோட்டைத் தாண்டும்போது விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

ஜனவரியில் தேசியப் போட்டி. முந்தின வாரம் முழுக்க மழை. தடம் முழுக்கக் களி. அன்று வீர்லே ஓட்டியதைப் போல நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மற்றவர்கள் இறங்கித் தள்ளிய இடத்தில் அவள் ஓட்டிக்கொண்டே போனாள். வில்ஃப்ரீட் அகலமாக வைத்த அந்த இடுக்கு வேலை செய்தது. பாதிப் பந்தயத்தில் இரண்டாவது இடம், முன்னால் போகிறவளின் முதுகு கண்ணுக்கெட்டும் தூரத்தில். வேலி ஓரத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

பெரிய அணிகள் தண்ணீர் பீய்ச்சும் மெஷினைச் சொந்தமாகக் கொண்டுவந்திருந்தார்கள். மற்றவர்களுக்குப் பந்தயம் நடத்துகிறவர்கள் வைத்த பொதுக் குழாய். அதில் வரிசை. வீர்லே பிட்டில் சைக்கிளை மாற்றிக்கொண்டு போன உடனே, அவள் கொடுத்ததை எடுத்துக்கொண்டு நான் வரிசையில் போய் நின்றேன். முன்னால் ஏழெட்டுப் பேர். அவள் அடுத்து சைக்கிள் மாற்ற வர முக்கால் சுற்றாவது ஆகும், அதற்குள் முடிந்துவிடும்.

அவள் அவ்வளவு தூரம் போகவில்லை. பிட்டைத் தாண்டிய அடுத்த வளைவிலேயே, தடத்தில் போட்டிருந்த வைக்கோல் சேற்றோடு சுருண்டு பின் கியரில் சிக்கி, அதை அடியோடு பிடுங்கிவிட்டது. தடம் அங்கே ஒரு மேடு ஏறி இறங்கி, உடனே பிட்டின் மறுபக்கத்துக்குத்தான் வரும்; வழக்கமாக அவள் அங்கே நிற்கமாட்டாள். அவள் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மேடு ஏறி ஓடிவந்தாள். கேமரா மோட்டார் சைக்கிள் அவள் பின்னாலேயே வந்தது. முதலில் போகிறவளை விட்டுவிட்டு அன்றைக்குத்தான் இவளோடு வந்தது.

வில்ஃப்ரீட்டின் கை வெறுங்கை.

"ஃபிர்மின்!" என்று அவர் கத்தினது எனக்குக் கேட்டது. குழாய் முனையில் அப்போதுதான் என் முறை வந்திருந்தது. அரைகுறையாக நனைத்ததை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன். பிட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, பூட்ஸ் சேற்றில் இழுக்க இழுக்க. நான் போய்ச் சேருவதற்குள் நாலு பேர் அவளைத் தாண்டிப் போயிருந்தார்கள். அவள் உடைந்த சைக்கிளை முன்னால் பிடித்துக்கொண்டு, அழாமல், மூச்சு வாங்க, நான் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வில்ஃப்ரீட் அவளுக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். கேமரா கிட்டே வந்து, அந்த வெளிர் பச்சையில், அந்தப் பெரிய எழுத்தில் நிலைத்தது. வர்ணனை செய்தவர் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாராம். நாட்டில் உள்ள எல்லா வீட்டிலும் கேட்டிருக்கும்.

அவள் மறுபடி ஏறி ஓட்டி ஒன்பதாவதாக முடித்தாள். தடத்துச் சேறெல்லாம் முகத்தில் காய்ந்திருந்தது. கம்பளியைப் போர்த்திவிட்ட அவள் அம்மாவிடம், "பசிக்குது" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் நெஸ்டரின் பாரில் நாங்கள் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். கேலியில்லை. மனப்பூர்வமாகத் தட்டினார்கள்.

"பாத்தோம்யா!" என்றான் நெஸ்டர், கண் கலங்கி. "திரை முழுக்க உன் குருவிதான்! பொண்ணுக்குத்தான் கொடுத்துவைக்கல. ஆனா உன் பேரு வந்துருச்சு வில்ஃப்ரீட். இன்னிக்கு உன் பீருக்கு நான் காசு வாங்க மாட்டேன்."

வில்ஃப்ரீட் அந்த பீரைக் குடிக்கவில்லை. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த மார்ச்சில் ஹெர்மானின் அணியில் இடம் இல்லை. அவர் எடுத்த பெண் நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு அணி, சம்பளம் இல்லாமல் சைக்கிள் மட்டும் தருவதாகச் சொன்னது. வீர்லே மேலும் இரண்டு குளிர்காலம் கீவிட்டிலேயே ஓட்டினாள். வாரத்தில் ஐந்து நாள் ஒரு கிடங்கில் வேலை, மாலையில் பயிற்சி. மற்றவர்கள் ஸ்பெயின் வெயிலில் ஓட்டிவிட்டு வருவார்கள். மெல்ல மெல்ல அவள் பதினைந்தாவது, இருபதாவது என்று போனாள். பிறகு ஒரு நாள் நிறுத்திக்கொண்டு, கென்ட் நகரத்தில் ஒரு பள்ளிக்கு விளையாட்டு ஆசிரியையாகப் போய்விட்டாள்.

இதில் கொடுமை என்னவென்றால், டிவியில் வந்த அந்த வருட வசந்தகாலத்தில் வில்ஃப்ரீட்டுக்கு அதுவரை வராத அளவுக்கு ஆர்டர் வந்தது. லிம்பர்க்கிலிருந்து வந்தார்கள், ஹாலந்திலிருந்து போன் பண்ணினார்கள். ஹெர்மான் சொன்னது அப்படியே நடந்தது. ஒரு பெண் சேற்றில் கதியற்று நின்றதை நாடே பார்த்தது, பட்டறைக்கு ஒரு வருட வேலை வந்தது.

ஒருவர் காரை விட்டு இறங்கும்போதே, "டிவில பாத்தேன், அந்தப் பச்சை வண்டி மாதிரியே வேணும்" என்றார். வில்ஃப்ரீட் அவரையே பார்த்தார்.

"அதுல என்ன பாத்தீங்க?"

"பேரைப் பாத்தேன்."

"அந்தப் பொண்ணைப் பாக்கலையா?"

அந்த ஆளுக்குப் புரியவில்லை. அக்காதான் வந்து சமாளித்து, உள்ளே கூட்டிக்கொண்டு போய் அளவு எடுத்தாள். அன்றிலிருந்து வில்ஃப்ரீட் பச்சை அடிப்பதில்லை. எழுத்தும் பழையபடி சிறியதாகிவிட்டது.

பிறகும் அவரிடம் சைக்கிள் வாங்கிய பிள்ளைகள் இரண்டொருவருக்குப் பெரிய அணியிலிருந்து அழைப்பு வந்தது. செய்தி காதில் விழுந்ததும் அவர்கள் வருவதற்கு முன்னால் அவரே அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார். "போ. நாளைக்கே போ. என் வண்டிய வீட்ல யாருக்காவது குடுத்துரு" என்பார். ஒரு பையனின் அப்பா, "உங்க வண்டி அளவுக்கு வருமா?" என்று மரியாதைக்குக் கேட்டதற்கு, "வண்டியாய்யா முக்கியம்? அவங்ககிட்ட நாலு இருக்கு" என்று கத்திவிட்டு வந்தார்.

கென்ட் போன பிறகு வீர்லே எங்கள் ஊருக்கு வந்தால் அப்பா வீட்டோடு போய்விடுவாள். ஆறு வருடம் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. வழியில் பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான்.

வில்ஃப்ரீட்டுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை ஆன வருடம், அக்கா யாரையும் கேட்காமல் வீர்லேவுக்குப் போன் பண்ணி ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னாள். வந்தாள். பீரில் வேகவைத்த மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கு வறுவலும். பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள், நன்றாகச் சிரித்தாள். கடைசி வாய் சாப்பிட்டு முடித்ததும் வில்ஃப்ரீட் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"வீர்லே, அன்னிக்கு நான் உன்னைப் போன்னு சொல்லியிருக்கணும்."

அதெல்லாம் இல்லை மாமா, பழைய கதையை விடுங்க என்று அவள் சொல்லிவிடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே சொல்வார்கள்.

"ஆமா மாமா" என்றாள். "சொல்லியிருக்கணும்."

அவர் தலையாட்டினார்.

"நான் உங்ககிட்ட கேக்கத்தான் வந்தேன். உங்களுக்கு என் மேல ஆசையா, உங்க பேரு மேல ஆசையான்னு அன்னிக்கு எனக்குத் தெரியல. மூணு வண்டின்னு சொன்னீங்க, எனக்கு அது போதும்னு தோணிருச்சு. அப்புறம் கிடங்குல பெட்டி தூக்கும்போதெல்லாம் உங்க மேலதான் கோபமா வரும்." தண்ணீர் எடுத்து ஒரு வாய் குடித்தாள். "அப்ப எனக்கும் இருபத்திரெண்டு வயசு. எனக்கும் வாய் இருந்துச்சு. அதுவும் உண்மைதான்."

"பேரு மேலதான்" என்றார் வில்ஃப்ரீட். "உன் மேலயும்தான். ஆனா அன்னிக்குப் பேரு மேலதான்."

அக்கா எழுந்து தட்டுகளை எடுக்கத் தொடங்கினாள். வீர்லேவும் எழுந்து உதவினாள். வேறு பேச்சு நடந்தது, காபி வந்தது. அவள் கார் தெருமுனை திரும்பும் வரை வில்ஃப்ரீட் வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

"நல்லவேளை, அதெல்லாம் இல்ல மாமான்னு அவ சொல்லல" என்றார் அக்காவிடம்.

அதற்குப் பிறகு வீர்லே புது வருடத்துக்கு ஒருமுறை வந்து போவாள். ஒரு மணி நேரம் உட்காருவாள், காபி குடிப்பாள். சைக்கிள் பேச்சு மட்டும் இரண்டு பேரும் எடுக்கமாட்டார்கள். சின்னப் பெண்ணாக இருந்தபோது வாசலிலிருந்தே "மாமா, என் பின் பிரேக் கீச் கீச்சுங்குது!" என்று கத்திக்கொண்டு பட்டறைக்குள் ஓடிவருவாளே, அந்த மாதிரி அவள் மறுபடி அந்த வீட்டுக்குள் வரவே இல்லை.